முப்பத்தெட்டு கிளாஸும் ஒரு மாப்பிள்ளையும்

பட்டியல் போடுகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. ஒரு வேலையை எண் போட்டு எழுதி முடித்ததும், அது செய்தும் முடிந்துவிட்டது என்று மனம் நம்பிவிடும். எனக்கு அந்த வியாதி முற்றிய நிலையில் இருந்த காலத்தில்தான் கல்யாணம் நடந்தது. இனி வரப்போகும் கதையில் என் கணவருக்கு எந்தக் குற்றமும் இல்லை. அவர் பாதிக்கப்பட்டவர் மட்டுமே.

கல்முனையில் ஒரு தனியார் மருத்துவ ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். இரத்தம், சிறுநீர், சளி என்று வருவதையெல்லாம் வாங்கி, எண் ஒட்டி, வரிசையில் அடுக்கி, அறிக்கை எழுதுவது என் தொழில். நாள் முழுக்க இதைச் செய்கிற ஒருத்தி வீட்டுக்கு வந்ததும் வேறு ஆளாக மாறிவிடுவாள் என்று எதிர்பார்க்கக் கூடாது. எங்கள் வீட்டு உப்புப் போத்தலில்கூட, திறந்த திகதி எழுதியிருக்கும்.

அப்போது கல்யாணம் முடிந்து நான்கு மாதம். எங்கள் ஊர்களில் பெண் புருஷன் வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்து குடியிருப்பார். இவரும் மருதமுனையிலிருந்து ஒரு நீலப் பையோடு சாய்ந்தமருதில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். வந்த மாப்பிள்ளைக்கு என்ன போட்டுப் பார்க்கிறார்கள் என்பதில்தான் பெண் வீட்டின் மானம் இருக்கிறது. முதல் வருடம் முழுக்க அவருடைய சாப்பாட்டுப் பீங்கானை ஊரே எட்டிப் பார்க்கும். உம்மா இதை நன்றாக அறிந்தவர். பகலைக்கு மீனில் இரண்டு வகை, இறைச்சியில் ஒன்று, பொரியல் ஒன்று, அதற்கு மேல் குழம்பாக ஒரு ஆணம் என்று நான்கு மாதமும் அடுப்பை அணைக்காமல் வைத்திருந்தார். இவருடைய சட்டைப் பொத்தான்களை உம்மாவே இடம் மாற்றித் தைத்தார். அந்தப் பெருமை அவர் முகத்தில் தெரிந்தது.

அந்த மாரியில் மழை ஓயவில்லை. வீதிகள் வெள்ளத்தில் மூழ்க, மலைநாட்டு மரக்கறி லொறிகள் வருவது குறைந்தது. கடையில் லீக்ஸ் இருந்தால் கரட் இல்லை, கரட் இருந்தால் அது நெருங்கிய உறவினர் முகம்போல வாடியிருந்தது. அந்த நாட்களில்தான் என் போனில் ஒரு காணொளி வந்தது. வெட்டியெறியும் லீக்ஸ் அடிக்கட்டையைத் தண்ணீரில் வைத்தால் திரும்ப முளைக்கும் என்று ஒரு பெண் சிரித்துக்கொண்டே காட்டினாள். நான் சிரிக்கவில்லை. கொப்பியை எடுத்தேன்.

முதலில் மூன்று லீக்ஸ் அடிக்கட்டை. நான்காம் நாள் நடுவிலிருந்து பச்சைத் தளிர் ஒன்று விரல் நீளத்துக்கு வந்துவிட்டது. அதைப் பார்த்த பிறகு எனக்குத் தலைகால் புரியவில்லை. வெங்காயத்தின் வேர்ப்பக்கம், கரட்டின் தலை, பீட்றூட்டின் தலை, முட்டைக்கோவாவின் குருத்து, கங்குன் கீரைத் தண்டு, உள்ளிப் பல், இஞ்சி, வத்தாளங்கிழங்கு, ஓர் அன்னாசியின் கொண்டை எல்லாம் வரிசைக்கு வந்தன. பாத்திரம் போதாமல், மாப்பிள்ளை வீட்டார் வந்தால் கொடுப்பதற்கென்று உம்மா அலுமாரியில் பூட்டி வைத்திருந்த கிளாஸ்களை எடுத்தேன். மொத்தம் முப்பத்தெட்டு. ஒவ்வொன்றிலும் மாதிரி எண், வைத்த திகதி, தண்ணீர் மாற்றிய திகதி. காலையில் ஆய்வுகூடத்தில் டெங்குப் பரிசோதனை செய்துவிட்டு, மாலையில் வீட்டு மண்டபத்தில் முப்பத்தெட்டு இடத்தில் தண்ணீரைத் தேக்கி வைத்திருந்தவள் நான். (இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றினேன். என் தரப்பில் சொல்லக்கூடியது இது ஒன்றுதான்.)

"ஊரெல்லாம் குப்பையக் கொட்டுறாங்க, என்ட மகள் அதக் கிளாசில வச்சி அழகு பாக்கிறாள்" என்று உம்மா சொல்வார். ஆனால் தடுக்கவில்லை. மாப்பிள்ளையின் பீங்கானுக்குள் அது வராத வரைக்கும் அவருக்குக் கவலை இல்லை.

பாலமுனையில் இருக்கும் உம்மாவின் தம்பி மனைவிக்கு ஒரு சத்திரசிகிச்சை. பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லை என்று உம்மா பத்து நாட்களுக்கு அங்கே போக வேண்டியிருந்தது. வாப்பா கட்டாரில். வீட்டில் நானும் இவரும் மட்டும். ஓட்டோவில் ஏறிய பிறகும் உம்மா தலையை வெளியே நீட்டினார்.

"புள்ள, என்ட மானம் உன்ட கையிலதான் இரிக்கி. மாப்பிள்ளைட சாப்பாட்டில ஒரு குறை வரப்படாது. விளங்குதா?"

"ஓம் உம்மா" என்றேன். ஓட்டோ முனையில் திரும்பியதும் உள்ளே போய்க் கொப்பியில் தலைப்பு எழுதினேன்: ஏழு நாள் சோதனை.

சோதனையின் விதிகள் இவை. அரிசி, பருப்பு, தேங்காய், முட்டை ஆகியன வீட்டில் உள்ளதைப் பாவிக்கலாம். வெளியிலிருந்து எதுவும் வரக் கூடாது. கறிக்கு வேண்டியதெல்லாம் கிளாஸ்களிலிருந்து மட்டும். மீன்கூட இல்லை. பிடித்த மீனைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து கூவி விற்கும் ஊரில் இருந்துகொண்டு, மீன்காரரிடம் "இண்டைக்கு வேணாம்" என்று ஐந்து நாள் சொன்னேன். ஆய்வு என்றால் அளவீடு வேண்டும் என்பதால், காலையில் இவரையும் என்னையும் தராசில் ஏற்றி நிறையைக் குறித்தேன்.

இவரிடம் சொன்னேன். இவர் "சரி" என்றார். கல்முனைக் கடைத்தெருவில் போன் திருத்தும் கடை வைத்திருப்பவர் இவர். நாள் முழுக்க உடைந்த போன்களின் சொந்தக்காரர்கள் கதைப்பதைக் கேட்டுக் கேட்டு, தன் பங்குச் சொற்களைச் சேமித்து வைக்கப் பழகியவர். அந்தச் சிக்கனம்தான் எங்களைக் கவிழ்த்தது.

ஏனென்றால் இவருடைய உம்மா, அதாவது என் மாமி, ஒவ்வொரு நாளும் பின்னேரம் அசர் தொழுதுவிட்டு மகனுக்கு அழைப்பார். மருதமுனையில் வீட்டோடு மூன்று தறி போட்டு, ஆள் வைத்துச் சாரன் நெய்விப்பவர். நூல் விலையிலிருந்து நூல்காரனின் குணம் வரை அறிந்தவர். மகனைப் பெண் வீட்டுக்குக் கொடுத்த பிறகு அவருக்கு மிஞ்சியிருந்தது அந்த ஒரு அழைப்பும் அதில் ஒரு கேள்வியும்தான். என்ன சாப்பிட்டாய் மகன்?

திங்கட்கிழமை இவர் சொன்ன பதில்: "லீக்ஸ் அடிக்கட்ட."

செவ்வாய்: "கரட்டுத் தல."

புதன்: "அதே லீக்ஸ். திரும்ப முளைச்சது."

இதெல்லாம் பின்னால்தான் எனக்குத் தெரிய வந்தது. நானோ வியாழக்கிழமை, இவருடைய குடும்பத்தாரின் வட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவு அனுப்பினேன். "நம்மட ஊட்டுக் குப்பையிலயே நாங்க நாலு நாளாச் சாப்பிடுறம். நம்பாட்டி வந்து பாருங்க" என்று, மிகுந்த சந்தோசத்தோடு.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த கையோடு வாசலில் வேன் வந்து நின்றது. மாமி இறங்கினார். மாமா இறங்கினார். இவருடைய தங்கை ஷிபானா மதினி இறங்கினாள். பிறகு துணி சுற்றிய மூன்று பெரிய சட்டிகள் இறங்கின. பக்கத்து வீட்டு ஆசியா ராத்தா, கூட்டி முடித்த வாசலை மறுபடி கூட்டத் தொடங்கினார்.

என் அழைப்பை ஏற்றுத் தோட்டம் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று நான் நினைத்தேன். நெஞ்சு குளிர்ந்துவிட்டது. சட்டிகளைப் பற்றி யோசிக்கக்கூட இல்லை. ஸலாம் சொன்ன வாயோடு மாமியின் கையைப் பிடித்து முதலாவது கிளாஸுக்கு அழைத்துப் போனேன்.

"இந்த லீக்ஸ் போன மாசம் வாங்கினது மாமி. இவர் மூணு தரம் திண்டிட்டார். இன்னும் முளைக்குது."

மாமி குனிந்து கிளாஸுக்குள் பார்த்தார்.

"இது கரட்டுத் தல. கரட் வராது, இல மட்டும்தான் வரும். அதச் சுண்டி இவருக்குக் குடுத்தன். கொஞ்சம் கசப்பு."

"கசப்பா?" என்றார் மாமி.

"இதென்ன மதினி மணக்குது?" ஷிபானா மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டாள்.

"கோவா. கொஞ்சம் அழுகிட்டு. ஆனா நடுவில ஒரு குருத்து இரிக்கி பாருங்க. நாளைக்கு இவருக்கு அதுதான்."

மாமியின் முகம் மாறிக்கொண்டே போனதை நான் வியப்பு என்று எடுத்துக்கொண்டேன். விஞ்ஞானத்தைக் கண்டு வாயடைத்துப் போகிறவர்களை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அதனால் எனக்கு அடையாளம் தெரியவில்லை. இருபத்திரண்டாவது கிளாஸில் மாமா மெல்ல விலகிப் போய்க் கதிரையில் அமர்ந்தார். முப்பத்தெட்டாவது, அன்னாசிக் கொண்டை.

"இது காய்க்க ரெண்டு வருசமாகும் மாமி. அதுவரைக்கும் இவர் பொறுத்திரிப்பார்."

மாமி என் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார். அறை வாசலில் நின்ற மகனைப் பார்த்துச் சொன்னார்.

"பேக்க எடு மகன்."

"என்னத்துக்கு மாமி?" என்றேன்.

"நாலஞ்சு நாளைக்கு என்ட ஊட்ட இரிக்கட்டும். உம்மா வந்த பிறகு வரட்டும். உங்களில ஒரு கோவமும் இல்ல மகள். வேல செய்யிற புள்ள, உங்களுக்குச் சமைக்க நேரமில்ல, எனக்கு விளங்குது."

அவர் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். இரக்கப்பட்டார். ஷிபானா அதற்குள் நீலப் பையை எடுத்து, அண்ணனின் சட்டைகளை உள்ளே திணிக்கத் தொடங்கிவிட்டாள்.

எங்கள் ஊரில் மாப்பிள்ளை ஒருவர் பையோடு தன் உம்மா வீட்டுக்குப் போனால் அதற்கு ஒரே ஒரு பொருள்தான். வேன் மருதமுனைக்குப் போய்ச் சேருமுன் செய்தி பாலமுனைக்குப் போய்விடும். உம்மா அங்கே தம்பி மனைவிக்குக் கஞ்சி கிண்டிக்கொண்டிருக்கும்போது, தன் மகளை மாப்பிள்ளை விட்டுவிட்டுப் போன கதையை அடுத்த வீட்டுக்காரி வாயால் கேட்பார். நான்கு மாதம் அணையாத அடுப்பை நான் ஐந்து நாளில் அணைத்துவிட்டேன்.

அந்த நிமிடத்தில் அழுதிருக்கலாம். மன்னிப்புக் கேட்டிருக்கலாம். நான் கொப்பியை எடுத்து வந்தேன்.

"மாமி, ஒரு நிமிசம். இவர்ட நிற பாருங்க. திங்கட்கிழம அறுபத்தெட்டு. இண்டைக்கு அறுபத்தொன்பதர. ஒண்டரக் கிலோ கூடியிரிக்கி. பட்டினி கிடக்கிற ஆளுக்கு நிற கூடுமா?"

மாமி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். நூல் கணக்குப் பார்க்கிற கண். நாளுக்கொரு புள்ளி வைத்து நான் கீறியிருந்த வரைபடத்தில் ஒவ்வொரு புள்ளியாக விரலை வைத்துப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார். பிறகு அவருடைய வயிற்றைப் பார்த்தார்.

"கரட்டு இல திண்டு ஒண்டரக் கிலோ கூடினயா மகன்?"

இவர் நிலத்தைப் பார்த்தார். மண்டபத்தில் கோவா மணத்தது.

"கொத்து" என்றார்.

"என்ன?"

"கொத்து ரொட்டி. பகலைக்குக் கடையில. மாட்டிறைச்சி போட்டு." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ரெண்டு நாள் பின்னேரமும்" என்று சேர்த்தார். நேர்மையான மனிதர்.

"அப்ப என்னட்ட ஏன்டா அடிக்கட்ட, தல எண்டு சொன்னாய்?"

"ஊட்ட திண்டதச் சொன்னன். கடையில திண்டதச் சொன்னா இவவுக்குத் தெரிய வரும். பாவம், ராவெல்லாம் எழுதுறா."

மாமா கதிரையில் இருந்தபடி சால்வையால் வாயை மூடிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. ஷிபானா பைக்குள் கையை விட்டபடியே உறைந்து நின்றாள். என் சோதனை முடிவுகள் அனைத்தும் மாட்டுக் கொத்தில் விளைந்தவை என்பதை ஐந்து பேர் முன்னிலையில் நான் அறிந்துகொண்டேன். ஐந்தாவது ஆள் ஆசியா ராத்தா. அவர் விளக்குமாறோடு எங்கள் ஜன்னலடிக்கு வந்து சேர்ந்திருந்தார்.

மாமி இன்னும் கொப்பியை மூடவில்லை. அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அங்கே என்னுடைய நிறை இருந்தது. அந்தக் கோடு ஐந்து நாளும் கீழே இறங்கியிருந்தது. அதற்குப் பக்கத்தில் "காரணம்: வேலைப்பளு" என்று நானே எழுதியிருந்தேன்.

"நீங்க என்ன திண்ட மகள்?" என்றார்.

அந்த வீட்டில், அந்த நான்கு மாதத்தில், அந்தக் கேள்வியை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. மாப்பிள்ளை என்ன சாப்பிட்டார் என்பதுதான் எல்லோருக்கும் கேள்வி. உம்மாவுக்கும் எனக்கும்கூட அதுதான். உண்மையில் பதில் அந்தக் கிளாஸ்களில் வரிசையாக இருந்தது. விதிகளை மீறாமல் ஏழு நாள் சோதனையைச் செய்தது அந்த வீட்டில் ஒரே ஒரு ஆள். அந்த ஆள் இப்போது மாமியின் தோளில் முகத்தை வைத்து, முப்பத்தெட்டு கிளாஸுக்கும் தண்ணீர் மாற்றப் போதுமான அளவு அழுதுகொண்டிருந்தாள்.

"பாய விரி ஷிபானா" என்றார் மாமி.

கிளாஸ்களை ஒதுக்கி, மண்டபத்தில் இரண்டு சஹன் வைத்தார்கள். சுற்றியிருந்து கையை விட்டுச் சாப்பிடும் பெரிய தட்டு அது. ஒன்றில் மாமாவும் இவரும். மற்றதில் மாமி, ஷிபானா, நான். சட்டிகள் திறந்தன. புரியாணி, மாட்டிறைச்சி, கோழிப் பொரியல், கத்தரிக்காய்ப் பாற்கறி. மாமி இறைச்சித் துண்டுகளைத் தன் பக்கத்திலிருந்தும் ஷிபானாவின் பக்கத்திலிருந்தும் எடுத்து என் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தார்.

"உம்மா, எனக்கும் கொஞ்சம் மிச்சம் வைங்க" என்றாள் ஷிபானா.

"உனக்கு அந்தக் கோவா இரிக்கி."

இவர் அந்தப் பக்கம் மிக மெதுவாகச் சாப்பிட்டார். கடையைப் பூட்டிவிட்டு ஜும்ஆவுக்குப் போகுமுன்னே ஒரு கொத்தை முடித்துவிட்டுத்தான் வந்திருந்தார் என்பதை இரண்டு வருடம் கழித்துத்தான் ஒத்துக்கொண்டார்.

சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு ஷிபானா நீலப் பையிலிருந்து சட்டைகளை எடுத்து அலுமாரியில் வைக்கப் போனாள். எனக்கு மூச்சு வந்தது. மாமி அவளை நிறுத்தினார்.

"சேட்ட வை. பேக்க இஞ்ச கொண்டா."

பிறகு என்னிடம், "உங்கட லீக்ஸ்ல நல்லதா ஒரு ஆறு தாங்க மகள்" என்றார்.

"என்னத்துக்கு மாமி?"

"நாங்க வந்தது ஆசியாக்குத் தெரியும். பேக் அடுக்கினதும் தெரியும். இப்ப பேக் போகாட்டி, என்னத்துக்கு அடுக்கினாங்க எண்டு ஊர் கதைக்கும். அதால பேக் போகட்டும்."

ஆறு லீக்ஸ் அடிக்கட்டைகளை ஈரப் பத்திரிகையில் சுற்றி, மாமி தன் கையாலேயே பைக்குள் வைத்தார். தளிர்கள் வெளியே தெரியும்படி பையின் சிப்பைப் பாதிதான் இழுத்து மூடினார். நகைக்கடையிலிருந்து வருகிறவர்போல அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார். ஆசியா ராத்தா தன் வாசலுக்குப் போய்ச் சேர்ந்து, மூன்றாம் முறையாகக் கூட்டிக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ளைட பேக்கா அது?" என்றார்.

"ஓம், அவன்ட பேக்தான். மருமகள் முளைக்க வச்ச லீக்ஸ், அங்க நடக் கொண்டு போறன்." மாமி வேனின் படியில் ஒரு காலை வைத்தார். "அவனுக்கு இனி பேக் என்னத்துக்கு? அவன் எங்க போகப்போறான்."

வேன் போய்விட்டது. இவர் என் பக்கத்தில் வெறுங்கையோடு நின்றார். ஆசியா ராத்தாவின் வாசலில் கூட்டுவதற்கு இனி மண்ணும் இல்லை.

ஐந்து நாட்கள் கழித்து உம்மா திரும்பி வந்தார். தெருமுனையிலேயே செய்தி அவரைப் பிடித்துக்கொண்டது. மாப்பிள்ளை வீட்டார் சட்டி சட்டியாகச் சாப்பாட்டோடு வந்து, மருமகளோடு ஒரே சஹனில் சாப்பிட்டு, அவள் வளர்த்ததை ஆசையாகக் கேட்டு வாங்கிப் போனார்கள் என்று. ஜன்னலடியில் கேட்ட கொத்தை மட்டும் ஆசியா ராத்தா தனக்குள் வைத்துக்கொண்டார். உம்மா நிமிர்ந்த தலையோடு வீட்டுக்குள் வந்தார். மாப்பிள்ளையின் கன்னத்தைப் பார்த்தார். "அல்ஹம்துலில்லாஹ், நல்லாத்தான் பாத்திரிக்காய்" என்றார். நான் தலையாட்டினேன். இவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று வாரம் கழித்து மருதமுனையிலிருந்து ஒரு கட்டு லீக்ஸ் வந்தது. ஒவ்வொன்றும் கை மணிக்கட்டுத் தடிப்பு. "உங்கட லீக்ஸ்தான் மகள், எங்கட வளவில நல்லா வந்திரிக்கி" என்று மாமி சொல்லியனுப்பியிருந்தார். நான் கொப்பியில் "மருதமுனை: வெற்றி" என்று எழுதி இரண்டு கோடும் போட்ட பிறகுதான் வேரைப் பார்த்தேன். அதில் ஒட்டியிருந்தது செம்மண். மருதமுனை வளவில் எவ்வளவு ஆழம் தோண்டினாலும் வருவது வெள்ளைக் கடல் மணல். அப்போது வீதி திறந்து மலைநாட்டு லொறிகள் வந்துகொண்டிருந்தன. என் லீக்ஸ்களை மூன்றாம் நாளே ஆடு தின்றுவிட்டது என்று ஷிபானா பின்பொரு நாள் வாய்தவறிச் சொன்னாள்.

அந்தப் பதிவை நான் திருத்தவில்லை. பொய்யான முடிவு என்று தெரிந்தே நான் வைத்திருக்கும் பதிவு அது ஒன்றுதான்.

இன்றும் முளைக்க வைக்கிறேன். எட்டுக் கிளாஸுக்கு மேல் போவதில்லை. வெங்காயத்தாளும் கங்குனும் நன்றாகவே வருகின்றன. மீனும் வாங்குகிறேன். குடும்பத்தில் யாராவது கடைச் சாப்பாட்டைப் பொதியோடு கொண்டு வந்தால், "என்ன இது?" என்று ஒருவர் கேட்க வேண்டும். கொண்டு வந்தவர் "ஊட்ட முளைச்சது" என்று பதில் சொல்ல வேண்டும். மாமா சால்வையை வாயில் வைப்பார். ஷிபானாவின் கணவர் போன மாதம் ஒரு பெரிய கேக்கையே முளைக்க வைத்துக் கொண்டு வந்தார்.

எல்லோரும் சிரிக்கும்போது உம்மாவும் சிரிப்பார். ஏன் என்று அவருக்குத் தெரியாது. மாமி அவருக்கு இன்றுவரை சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. உம்மா பத்திரிகை, புத்தகம் எதையும் வாசிப்பதில்லை. மாமி ஒரு வரி விடாமல் வாசிப்பார். இதையும் வாசிப்பார். வாசித்த பிறகும் உம்மாவிடம் சொல்லமாட்டார் என்ற தைரியத்தில்தான் எழுதியிருக்கிறேன்.